உடம்புக்கு இல்லாத பணியேற்பிடைக்காலம்

அரசுப் பணியில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றப்பட்டவருக்குப் பணியேற்பிடைக்காலம் என்று சில நாட்கள் தரவேண்டும் என்பது விதி. மூட்டை கட்ட, பயணம் செய்ய, புது ஊரில் பால்காரரைக் கண்டுபிடிக்க. ஒரே ஊருக்குள் ஓர் அலுவலகத்திலிருந்து அடுத்த தெரு அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு நாள் உண்டு. வருவாய்த் துறையில் இருந்த காலமெல்லாம் இந்த நாட்களைப் பிறருக்குக் கணக்கிட்டுக் கொடுத்தவன் நான். ஆனால் பூமியின் மறுபக்கத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்ட உடம்புக்கு எத்தனை நாள் என்று எந்த விதித் தொகுப்பிலும் இல்லை. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்றாள் என் மகள். அவள் கணக்குப்படி எனக்குப் பதின்மூன்றரை நாள் வேண்டும். கையில் இருந்தது மூன்று.

அப்போது நானும் என் மனைவியும் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தோம். மகளுக்கு மார்ச்சில் பிரசவம். ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் விடிவதற்கு முன்பே ஃபோன் அடித்தது. கள்ளக்குறிச்சியில் என் தம்பி மனைவியிடம் எண் வாங்கி, கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"ஐயா, ஞாபகம் கீதுங்களா? நீங்க ஆரையா இருக்கசொல்லோ காய்ச்சல் வந்து எங்க வூட்டுல ரெண்டு நாளு படுத்துக்கினு கெடந்தீங்களே. கடுக்கா மரத்துக் கொல்லை."

ஞாபகம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் வருவாய் ஆய்வாளர். ஆர்.ஐ. என்பது அவர்கள் வாயில் ஆரை. மலையில் முகாம் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, சாமைக் கொல்லை நடுவில் இருந்த அவர்கள் வீட்டில் விழுந்தேன். அவளுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவள் புருஷன் வடித்துக் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு, திறந்த கதவு வழியாக அந்தக் கொல்லையை இரண்டு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலம் அரசுடையது. முறைப்படி அவனுக்கு நான் ஒரு பி மெமோ கொடுத்திருக்க வேண்டும். அரசு நிலத்தை ஆக்கிரமித்தவருக்குத் தரும் தண்டனை நோட்டீசு அது. கஞ்சி ஊற்றியவனுக்கே தண்டனை எழுத எனக்குக் கை வரவில்லை. பார்க்காததுபோல் இறங்கி வந்துவிட்டேன். என் பணிக்காலத்தில் தெரிந்தே செய்த விதிமீறல்கள் மிகச் சில. அதில் இது ஒன்று. அதைப் பற்றி ரகசியமாகப் பெருமையும் பட்டிருக்கிறேன்.

பிறகு வன உரிமைச் சட்டம் வந்தது. நெடுநாளாக உழுதுவருபவருக்கு நிலம் சொந்தம், ஆனால் உழுததற்கு இரண்டு ஆதாரம் காட்டவேண்டும் என்றது. பழைய பி மெமோ அதற்கு முதல்தரமான ஆதாரம். எனக்குப் பின் வந்த கண்டிப்பான ஆய்வாளர் ஒருவர் அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லோருக்கும் மெமோ எழுதித் தள்ளியிருந்தார். அவர்கள் எல்லோருக்கும் உரிமைப் பத்திரம் வந்துவிட்டது. இவள் கொல்லையை மட்டும், முந்தைய ஆரை பார்த்துவிட்டுப் போன இடம் என்று அவர் ஏறிப் பார்க்கவில்லை. இரக்கம் காட்டப்பட்ட வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. புருஷனும் இல்லை; இறந்து ஆறு வருஷம்.

"ஒரு ஆதாரம் கீதுங்க, வூட்டு வரி ரசீது. இன்னொன்னுக்குப் பெரியவங்க யாராச்சும் நேர்ல வந்து கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுக்கணுமாம். பாத்தவங்கள்லாம் போய்ச் சேந்துட்டாங்க. நீங்கதான் மிச்சம்."

விசாரணை பிப்ரவரி பன்னிரண்டு, காலை பதினொரு மணி, மலைமேல் அவளுடைய ஊர்ச் சமுதாயக்கூடத்தில். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிவைத்தாகிவிட்டது. இந்த முறை சாட்சி வராவிட்டால் மனு நிராகரிக்கப்படும், கொல்லை காட்டுக் கணக்கில் போய்விடும்.

என் மனைவி பல் விளக்கியபடி கேட்டாள். "பொண்ணுக்கு மாசம் நெருங்குது. இவரு கொல்லைக்கு எல்லை சொல்லப் போறாராம். ஏங்க, ஃபோன்ல சொன்னா எடுத்துக்கமாட்டாங்களா?"

"வாக்குமூலம் நேரில்தான் கொடுக்கணும்."

"உங்களுக்குன்னு ஒரு விதி எங்கிருந்துதான் மொளைக்குமோ!"

ஏழாம் தேதி புறப்பட்டு ஒன்பதாம் தேதி விடியலில் சென்னை. பதினைந்தாம் தேதி திரும்பு பயணம். தரையில் ஆறு நாள்.

விமானக் களைப்பைச் சமாளிப்பது பற்றி நான் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தண்ணீர் நிறையக் குடி, காபியைக் குறை, போகும் ஊரின் வெயிலில் நில், விமானத்தில் ஏறியதும் கடிகாரத்தைப் போகும் ஊருக்கு மாற்று. இவை எல்லோருக்கும் பொதுவானவை. கடைசியில் ஒரு விதிவிலக்கு இருந்தது: சில நாளே தங்குபவர்கள் உடம்பை மாற்றாமல் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே வைத்திருக்கலாம். விதிவிலக்கைக் கண்டால் விடாத பழக்கம் எனக்கு. கலிபோர்னிய நேரத்திலேயே ஆறு நாளையும் கழிப்பது என்று தீர்மானித்து ஒரு கால அட்டவணை தயாரித்தேன். அங்கே இரவு பத்து மணிக்குப் படுப்பவன் நான். இங்கே அது முற்பகல் பதினொன்றரை. விசாரணை பதினொன்றுக்கு. அரை மணியில் சாட்சி சொல்லிவிட்டு, என் உடம்புக்கு ராத்திரி ஆகும் நேரத்தில் மலைப் பேருந்தில் தூங்கிக்கொண்டே இறங்கிவிடலாம். கைக்கடிகாரத்தையும் மாற்றவில்லை. மணிக்கு மணி எதைச் செய்யவேண்டும் என்று அதுதானே சொல்லவேண்டும்.

அரசு விசாரணை குறித்த மணிக்குத் தொடங்கும் என்று எழுதிவைத்து நம்பிய ஓய்வுபெற்ற தாசில்தார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விமானத்தில் அட்டவணையைக் கடைப்பிடித்தேன். அவர்கள் காலை உணவு என்று கொண்டுவந்தபோது எனக்கு இரவு, வேண்டாம் என்றேன். விளக்கணைத்து எல்லோரையும் தூங்கவைத்தபோது எனக்குப் பகல். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு விழித்திருந்தேன். இடையில் வளைகுடா ஊரில் இறங்கி ஏறும்போது எல்லோருடைய கண்ணும் சிவந்திருந்தது. என் கண் மட்டும் தெளிவாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

கள்ளக்குறிச்சி வீட்டில் கீழே தம்பி குடும்பம், மேலே எங்கள் பகுதி. முதல் நாள் பகல் பதினொன்றரைக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். மாலை ஆறரைக்கு எழுந்தேன். அன்று நடுராத்திரி இரண்டரைக்கு எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். சத்தமில்லாமல் கீழே இறங்கிக் குழம்புச் சட்டியைத் திறந்தபோது விளக்கு எரிந்தது. தம்பி மனைவி கையில் துடைப்பத்தோடு நின்றாள்.

"நீங்களா மாமா! பூனைன்னு நெனச்சு அடிக்க வந்துட்டேன்."

"அட்டவணைப்படி இப்போ மதியம்மா."

"இன்னா அட்டவணை? அமெரிக்காவுல மதியம்னா அமெரிக்காவுல சாப்புடுங்க. இது கள்ளக்குறிச்சி, சோறு ஆறிப்போச்சு." சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். "அக்கா அங்க. இவரு ஒடம்பும் அங்க. பூத உடல் மட்டும் இங்க வந்துகீது."

பன்னிரண்டாம் தேதி காலை கச்சிராயபாளையம் வழியாகப் போகும் மலைப் பேருந்தில் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டிக் கொண்டையூசி வளைவுகள் தொடங்கும்வரை தெம்பாகத்தான் இருந்தேன். ஒன்பதரைக்கு ஊரில் இறங்கினேன். அவள் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். நரைத்துவிட்டாள், கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பாலித்தீன் உறையில் வரி ரசீது.

"வந்துட்டீங்களா ஐயா! நேத்து ராவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லீங்க."

"எனக்கும் இல்லை," என்றேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு கண் கலங்கினாள்.

பதினொன்று ஆயிற்று. விசாரணை அலுவலர் வரவில்லை. முன்கூட்டியே வந்து மேசை போட்டிருந்த எழுத்தர், அலுவலர் வேறோர் ஊரில் இருக்கிறார், கிளம்பிவிட்டார் என்றார். பதினொன்றரைக்கும் கிளம்பிவிட்டார். பன்னிரண்டுக்கும் கிளம்பிவிட்டார். நானும் எத்தனையோ ஊர்களில் ஜனங்களைக் காக்கவைத்து, கிளம்பிவிட்டேன் என்று சொல்லியனுப்பியவன்தான். காத்திருக்கும் பக்கத்திலிருந்து அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

பதினொன்றரை தாண்டியதும் என் உடம்பு விளக்கை அணைக்கத் தொடங்கியது. சாதாரணத் தூக்கம் என்றால் எழுந்து நடந்தால் போகும். இது அப்படியில்லை. முதலில் விரல் நுனி குளிர்ந்தது. பிறகு பேச்சு எங்கோ தள்ளிக் கேட்டது. பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது; எனக்குள் நள்ளிரவு. குழாயடியில் முகம் கழுவினேன். கூடத்தைச் சுற்றி நடந்தேன். மூன்றாம் சுற்றில் சுவரில் தோள் இடித்துக்கொண்டேன். அவள் பால் ஊற்றாத தேநீர் கொண்டுவந்தாள். வாயில் வைத்தது தெரியும், அடுத்துத் தெரிந்தது வேட்டியில் சூடாகக் கொட்டியது.

"ஐயா, ஐயா! இன்னா ஆச்சு?"

"ஒன்றுமில்லை. தூக்கம்."

"பட்டப்பகல்லயா?"

என்ன சொல்லிப் புரியவைப்பது? பூமி உருண்டை என்பதிலிருந்து தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரிங்க, அங்க ராத்திரி. அது அவங்க ராத்திரி. உங்களுக்கு இன்னாங்க வந்துது?" என்றாள்.

எழுத்தர் மேசையிலிருந்தபடியே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணு செவந்துகீது. நடை தள்ளாடுது. காலையில ஏதாச்சும் போட்டுக்கினு வந்தீங்களா?"

"நான் தாசில்தாராக ஓய்வு பெற்றவன்."

"அதனாலதான் சார் கேக்குறேன்."

எனக்குக் கோபம் வந்தது. நல்லதாயிற்று, கோபத்தில் ஐந்து நிமிடம் விழித்திருந்தேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் பகலில் ஒருவன் தள்ளாடினால் யாரும் விமானத்தை நினைக்கமாட்டார்கள். குடித்தவன் வாக்குமூலம் செல்லாது. அதை நானே இரண்டு முறை என் கையால் எழுதி நிராகரித்திருக்கிறேன். அந்தப் பெண்ணும் அவர் கேட்டதைக் கேட்டுவிட்டாள். மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு முன்பும் நான் இதேபோல் தள்ளாடித்தானே அவள் வாசலில் வந்து விழுந்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஜீப் வந்தது. அலுவலருக்கு நாற்பது வயதிருக்கும், பணிவானவர், அவசரக்காரர். எழுத்தர் அவர் காதில் ஏதோ சொன்னார். அலுவலர் என்னை எதிரே உட்காரவைத்துவிட்டு, மனுதாரர் வெளியே இருக்கட்டும், சாட்சிக்கு எடுத்துக் கொடுப்பதாக ஆகிவிடும் என்றார். முறைதான். அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

"மன்னிக்கணும் சார். ஒரு தடவை மூச்சு விடுறீங்களா?"

அறுபத்தாறு வயதில், என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர் முகத்தில் ஊதினேன். அவர் முகர்ந்தார். எழுத்தரும் எட்டி முகர்ந்தார்.

"டீ வாசனைதான் சார் வருது," என்றார் எழுத்தர், சற்று ஏமாற்றமாக.

"அப்ப உடம்பு சரியில்லையா?"

"அமெரிக்காவிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அங்கே இது நடுராத்திரி."

அலுவலர் சிரித்தார். "சீக்கிரம் முடிச்சுடலாம் சார். நாலு எல்லையும் சொல்லுங்க."

கிழக்கே ஓடை என்றேன். மேற்கே பாறை. அதுவும் யானை படுத்ததுபோல் ஒரு பாறை. தெற்கே வண்டிப்பாதை. வடக்கே என்று வாயெடுத்தேன். ஒன்றுமில்லை. வெறும் இருட்டு. காய்ச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கதவு தெரிகிறது, கதவுக்கு வெளியே கொல்லை தெரிகிறது, வடக்கே பார்க்கும்போது மட்டும் மகள் வீட்டுச் சமையலறை வருகிறது. அங்கே குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த என் அட்டவணை வருகிறது. அலுவலர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் அவள் முதுகு விறைத்தது. சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னாலும் என் சாட்சி போச்சு. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"வடக்கு எல்லை சார்?"

தொடையைக் கிள்ளினேன். எங்கே படுத்திருந்தேன் என்பதிலிருந்து தொடங்கினேன். பாய். பாயின் தலைமாடு. தலைமாட்டுப் பக்கச் சுவரில் ஓர் ஓட்டை, அதன் வழியாக விடியலில் பொத்துப் பொத்தென்று எதுவோ விழும் சத்தம். அவள் புருஷன் கூடை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து காட்டினான்.

"கடுக்காய். வடக்கே கடுக்காய் மரங்கள். மூன்று."

"இப்ப ரெண்டுதான் கீது சார்," என்றார் எழுத்தர், நில வரைபடத்தைப் பார்த்து. "ஒண்ணு புயல்ல விழுந்துடுச்சுன்னு குறிப்பு கீது."

"நான் பார்த்தபோது மூன்று."

அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை கடமைக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அதன்பிறகு அக்கறையாக எழுதினார். வாக்குமூலத்தை எனக்குப் படித்துக்காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போல் கையெழுத்தின் கீழே தேதியும் என் கையாலேயே எழுதினேன். எழுத்தர் முத்திரை குத்தினார். அலுவலர் கையொப்பமிட்டார். எதிர்வீட்டில் இருந்த இயந்திரத்தில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அவளிடம் கொடுத்தார்கள். ஜீப் கிளம்பிப் போயிற்று.

பேருந்து நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கணமே தலை சாய்ந்தது. அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும்; எண் நன்றாகத் தெரியும். விசாரணை நோட்டீசை இரண்டு மாதமாகத் தினம் எடுத்துப் பார்த்தவள்.

"ஐயா, இன்னிக்கிப் பன்னெண்டுதானுங்களே?"

"ஆமாம்."

"இதுல உங்க கையெழுத்துக்குக் கீழ இன்னாத்துக்குப் பதினொண்ணுன்னு கீது?"

வாங்கிப் பார்த்தேன். தெளிவாக, அழகாக, என் கையெழுத்தில் பதினொன்றாம் தேதி. கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன். நான் கையெழுத்திட்டபோது இங்கே மணி ஒன்று பத்து; என் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது, முந்தைய இரவு. தேதிக் கட்டத்தில் பதினொன்று. இன்னும் இருபது நிமிடம் உளறிக்கொண்டிருந்தால் கடிகாரமே தேதியைத் திருத்தியிருக்கும்.

தூக்கம் முழுதாகப் போய்விட்டது. இதற்கு அர்த்தம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். விசாரணை பன்னிரண்டாம் தேதி. சாட்சியின் கையெழுத்து பதினொன்றாம் தேதி. மேலே கோப்பைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? முதல்நாளே எழுதி வாங்கிவைத்த வாக்குமூலம், அலுவலர் சும்மா கையெழுத்திட்டிருக்கிறார். நானாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் தள்ளிவைத்திருப்பேன்.

"கொல்லை போயிடுமாங்க?"

"போகாது," என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அடுத்த பேருந்தில் இருவரும் இறங்கினோம். வளைவுக்கு வளைவு கீழே ஜீப் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கச்சிராயபாளையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் அது நின்றது. ஓட்டுநரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினோம். அலுவலர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஜெராக்ஸை இலைக்குப் பக்கத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைக் கழுவாமலே குனிந்து பார்த்தார். நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"சார், நீங்களே இப்படியா?"

"அடித்துத் திருத்தி நீங்கள் சுருக்கொப்பம் போட்டால் போதும்."

"போட்டுடலாம். ஆனா இப்ப போட்டா அது விசாரணை இடத்துல நடந்த திருத்தம் இல்ல. சாப்பாட்டுக் கடையில சாட்சியும் மனுதாரரும் அதிகாரியும் உக்காந்து தேதியை மாத்தினாங்கன்னு ஆகும். ரெண்டு தப்பா போயிடும்."

அவர் சொன்னது சரி. அதுதான் கடுப்பாக இருந்தது. அந்த வாக்கியத்தை அப்படியே இதே தொனியில் நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் குறுக்கிட்டாள். "எங்க ஐயா கடியாரத்தை மாத்தலைன்னு என் கொல்லையை எடுப்பீங்களா சார்?"

"நான் எடுக்கலை ஆத்தா. நான் நம்புறேன். ஃபைல் நம்பணும்." பிறகு என்னிடம் திரும்பினார். "விளக்கத்தோட ஒரு மனு குடுங்க. இன்னிக்கி நீங்க மலைக்கு வந்ததுக்கு ஏதாவது ஆதாரம் சேருங்க. நான் என் அறிக்கையை எழுதுறேன்."

கள்ளக்குறிச்சிக்கு வந்ததும் தம்பி மனைவி வாசலிலேயே கேட்டாள். "இன்னா மாமா, சாட்சி சொன்னீங்களா?"

"சொன்னேன். நேற்றே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது."

அவளுக்குப் புரியவில்லை. விளக்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "குடிகாரங்கூட இன்னிக்கித் தேதி கேட்டு எழுதுவான்!"

அன்றிரவு இரண்டரைக்கு, அட்டவணைப்படி சுத்தமாக விழித்திருந்தேன். ஆயிரக்கணக்கில் மனுக்களைப் படித்தவன், முதன்முறையாக மன்றாடும் பக்கத்திலிருந்து ஒன்று எழுதினேன். நான்கு முறை கிழித்தேன். முதல் வரைவில் காரணம் ஒன்றரைப் பக்கம். படிக்கப்போகிறவர் மூன்றாம் வரியிலேயே கொட்டாவி விடுவார். விமானம், தூக்கம், உடம்பு எல்லாவற்றையும் எடுத்தேன். 'வெளிநாட்டு நேரம் காட்டிய என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தேதியைத் தவறாக எழுதிவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. இதற்காக மனுதாரருக்கு இழப்பு நேரக்கூடாது' என்று மட்டும் விட்டேன். விமானச் சீட்டின் நகல், கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த பக்கம், மலைப் பேருந்துச் சீட்டு ஆகியவற்றை இணைத்தேன். பேருந்துச் சீட்டில் நடத்துநரின் இயந்திரம் பன்னிரண்டாம் தேதி என்று அச்சிட்டிருந்தது. அதன் மை மங்குவதற்குள் ஜெராக்ஸ் எடுக்கவேண்டியிருந்தது. காலையில் பதிவுத் தபாலில் ஒன்று அனுப்பினேன். இன்னொன்றை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கினேன்.

பதினைந்தாம் தேதி திரும்பிப் பறந்தேன். விமானம் ஏறியதும் கடிகாரத்தைத் திருப்பவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அந்த விமானத்தில் சரியான நேரம் கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். அப்படியும் கலிபோர்னியாவில் இறங்கியபின் ஒன்பது நாள் தூங்கவில்லை. அட்டவணை அங்கேயே குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. மனைவி அதைக் கிழித்து, பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதினாள்.

மார்ச்சில் பேத்தி பிறந்தாள். இரவும் பகலும் தெரியாத இன்னோர் ஆள் வீட்டுக்கு வந்தது எனக்கு ஆறுதல். அவள் விழிக்கும் நேரங்களில் நானும் விழித்திருந்தேன். அப்படி ஒரு விடியலில் மலையிலிருந்து ஃபோன் வரும். வாரம் தவறாது.

"ஐயா, பதில் வந்துச்சுங்களா?"

"இல்லம்மா."

"ஃபாரஸ்ட்டுக்காரங்க வந்து கொல்லை ஓரமா வெள்ளைக் கல்லு நட்டுக்கினு போனாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டா, இன்னும் முடிவாவலைன்றாங்க. இந்த வருஷம் மரவள்ளி நடலாமா, வோணாமா?"

இந்தக் கேள்விக்கு எந்த விதியிலும் விடை இல்லை. நட்டால் ஆக்கிரமிப்பைத் தொடர்ந்தாள் என்பார்கள். நடாவிட்டால் நிலத்தை விட்டுவிட்டாள் என்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு கஞ்சியை நினைத்து நான் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன். இந்த முறை அப்படிச் செய்ய முடியாது.

"நடு," என்றேன்.

"நட்டா தப்பாவாதுங்களா?"

"தப்பானால் நான்தான் சொன்னேன் என்று எழுதிக் கொடுக்கிறேன்."

"தேதியைப் பாத்து எழுதுங்க ஐயா," என்றாள். முதன்முறையாக அவள் சிரிப்பதைக் கேட்டேன்.

நினைவூட்டல் கடிதம் ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அலுவலர் மாற்றலாகிவிட்டார் என்று எழுத்தர் ஃபோனில் சொன்னார். போகும் முன் அறிக்கை எழுதினாரா என்று கேட்டேன். கோப்பு மேலே போய்விட்டது, அவருக்குத் தெரியாது என்றார். தான் எழுதாத எதையும் எழுத்தர்கள் தெரியாது என்றுதான் சொல்வார்கள். எழுதியதையும் பலநேரம் அப்படித்தான் சொல்வார்கள்.

மலையில் மரவள்ளி முளைவிட்டு, முதல் களையும் எடுத்தாயிற்று என்று அவள் சொன்ன வாரம், தம்பி மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். கையில் பழுப்பு உறை. "மாமா, உங்க பேருக்குக் கெவர்மெண்டு தபாலு. பிரிக்கட்டா?" என்றாள். பிரித்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். நான் மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு கேட்டேன். விசாரணை அலுவலரின் அறிக்கையும் இணைக்கப்பட்ட ஆவணங்களும் பரிசீலிக்கப்பட்டன. சாட்சியின் தேதி எழுத்துப் பிழையாகக் கொள்ளப்பட்டு, வாக்குமூலம் விசாரணை நாளிலேயே பெறப்பட்டதாக ஏற்கப்படுகிறது. மனுதாரரின் கோரிக்கை உரிமைப் பத்திரம் வழங்க மாவட்டக் குழுவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. நகல் மனுதாரருக்கு.

"இன்னொரு தடவை படி," என்றேன்.

படித்தாள். பிறகு உறையைத் திருப்பி, அஞ்சலகத்தார் குத்திய முத்திரையைத் திரையில் காட்டினாள். "தேதியையும் பாத்துக்குங்க மாமா," என்றாள். ஜூன் ஒன்பது.